பிரிஜெட் மிஸ் உட்கார்ந்து நடத்திய பாடம்

பிரிஜெட் போடும் வட்டங்கள் மட்டும் பாதியில் அழிந்துகொண்டிருந்தன.

பள்ளியில் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டுப் பெரிய தொடுதிரைகளை மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. மற்ற ஆசிரியைகளுக்கு அது பழகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கும் பிரிஜெட் வட்டம் போட்டு முடிப்பதற்குள் அதன் ஒரு பக்கம் காணாமல் போய்விடும். கம்ப்யூட்டர் மிஸ் பிரபா வந்து எழுதிப் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை சிஸ்டர் மரியா வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அன்றும் சொதப்பினால் பத்தாம் வகுப்பு வேறொருவருக்கு, பிரிஜெட்டுக்கு ஆறாவது. எட்டாவதிலிருந்து கூடவே வந்த பிள்ளைகளைப் பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"நான் வந்து பாக்கட்டுமா?" என்றான் கணவன் கிளெமென்ட். அவன் பஸ் கண்டக்டர். சனிக்கிழமை அவனுக்கு வார விடுமுறை.

"நீங்க பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"டிக்கெட் மெஷின் வந்தப்ப நானும் ஒரு மாசம் திட்டு வாங்கினவன்தானே. வா."

பிரபாவிடம் சாவி வாங்கி வகுப்பைத் திறந்தார்கள். கிளெமென்ட் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பாடம் நடத்தி அவன் பார்த்ததில்லை. அவள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு தொடுகோடு பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அவனை மறந்துபோனாள். வட்டம் போட்டாள். பாதி போய்விட்டது.

"பாத்தீங்களா?"

"இடது கையை எடு."

"என்ன?"

"எழுதும்போது இடது கையைத் திரைமேல ஊணிக்கற. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் அழியுது."

கையை எடுத்துவிட்டு எழுதினாள். வட்டம் முழுசாக நின்றது. சிரித்தாள். ஆனால் இரண்டாவது வட்டத்திலேயே கை தானாகத் திரைக்குப் போனது. மூன்றாவதிலும் போனது.

கிளெமென்ட் எழுந்து வந்தான். "பஸ்ல நிக்கறவனுக்குத் தெரியும், யார் சும்மா கம்பியப் பிடிக்கறாங்க, யார் நிக்க முடியாம பிடிக்கறாங்கன்னு. எந்தக் கால்?"

அவள் திரையைத் துடைக்கத் திரும்பினாள்.

"பிரிஜெட்."

"வலது முட்டி. ரெண்டு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்களே நாள் பூரா நின்னுட்டு வர்றீங்க. இதுல நான் வேற..."

அவன் வெளியே போனான். திரும்பி வரும்போது வேதியியல் ஆய்வகத்து உயரமான ஸ்டூல் ஒன்று அவன் தோளில் இருந்தது.

"நான் கிளாஸ்ல உக்காந்ததே இல்லங்க. பிள்ளைங்க என்ன நினைக்கும்?"

"வட்டம் முழுசா தெரியுதேன்னு நினைக்கும். ஏறு."

ஏறினாள். திரை சரியாகத் தோள் உயரத்துக்கு வந்தது. முட்டியில் பாரமில்லை. இடது கைக்கு வேலையே இல்லாமல் அது மடியில் கிடந்தது. ஏழெட்டு வட்டம் போட்டாள், எல்லாம் இருந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கிளெமென்ட் ஜன்னல் பக்கம் திரும்பி, கொக்கியைச் சரிபார்ப்பதுபோல நின்றான்.

திங்கட்கிழமை சிஸ்டர் மரியா கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக இருந்தார். பிரிஜெட் ஸ்டூலில் ஏறியதும் வகுப்பில் சலசலப்பு.

"முட்டி வலி," என்றாள் அவள். "இனிமே இப்படித்தான். என் இடது கை திரைல பட்டா சொல்லுங்க, அதாலதான் வட்டம் அழியுது."

"ராணி மாதிரி இருக்கீங்க மிஸ்," என்றாள் முன் பெஞ்ச் இளவேனில்.

"சரி, ராணி கேக்கறேன். தொடுகோடுன்னா என்ன?"

நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் இடது கை எழுந்தது. "மிஸ், கை," என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. சிஸ்டரும் சிரித்துவிட்டார்.

மணி அடித்ததும் அவர் நோட்டை மூடினார். "பத்தாவது உங்ககிட்டயே இருக்கட்டும். ஸ்டூல் யார் யோசனை?"

"எங்க வீட்டுக்காரர், சிஸ்டர்."

"மத்த கிளாஸுக்கும் ஒண்ணொண்ணு சொல்லிடறேன். என் முட்டியும் நல்லால்ல."

வராந்தாவுக்கு வந்து கிளெமென்ட்டுக்குப் போன் செய்தாள். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"பத்தாவது எனக்குத்தான்," என்றாள். "தேங்க்ஸ்ங்க."

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ எதையோ கேட்பது காதில் விழுந்தது.

"சாயங்காலம் என் பஸ்ல வா," என்றான். "முன் சீட்டு பிடிச்சு வெக்கறேன்."

"கண்டக்டர் சீட்டு பிடிக்கக் கூடாதே."

"பொண்டாட்டிக்குப் பிடிக்கலாம். நான் கேட்டுட்டேன்."

"யார்கிட்ட?"

"டிரைவர்கிட்ட."