மஞ்சள் கோடு

வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாவது முறையாக வனமாமலையின் வலது கால் கழன்றது. பென்னலூர் வாடகை அறையில் கதவுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்து பழகிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான். 'டக்'கென்று சத்தம், பாதம் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தான்.

இரண்டு கால்களும் தொடையோடு போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரகடம் கூட்டு ரோட்டில் அவன் வந்த ஷேர் ஆட்டோ மீது டிரெய்லர் ஏறிவிட்டது. முதலில் கொடுத்த செயற்கைக் கால்கள் தொடையை உரித்துப் புண்ணாக்கின. பிறகு சென்னைக்கு வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியக் கம்பியைச் செருகினார். கம்பியின் நுனி தோலைத் துளைத்து இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் காலை மாட்டி போல்ட்டை முடுக்க வேண்டும். நுனி வெளிவரும் இடத்தைத் தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் துடைத்துவிடுவது மனைவி பாண்டிச்செல்வி.

திங்கட்கிழமை, முன்பு வேலை பார்த்த கார் கம்பெனியில் அவன் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று காட்ட வேண்டும். நின்றால் பாகங்களைச் சரிபார்க்கும் மேஜையில் வேலை. சூப்பர்வைசர் கலைமணி மேலே மன்றாடி வாங்கித் தந்த ஒரே ஒரு நாள் அது. இல்லையென்றால் நாங்குநேரியில் அண்ணன் வீடுதான். அங்கே கொல்லைக்குத் தவழ்ந்து போன ஆறு மாதத்தை அவன் மறக்கவில்லை.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து ஏசுவடியான் வந்தான். வனமாமலையோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். வனமாமலை அவனிடம் கால் போல்ட்டைக் காட்டினான்.

"ஏல, லைன்ல இப்படி ஒரு போல்ட் லூசா போனா விடுவாவளா?"

"விடுவாவளா? அன்னைக்கே வெளிய போவச் சொல்லிருவாவ."

பாண்டிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, வேண்டாம். அது கழலுறதுக்குன்னேதான் அப்படி வச்சிருக்காம். கால் ரொம்பத் திருகுனா தானா கழண்டு எலும்பக் காப்பாத்தும்னு டாக்டர் படம் போட்டுல்லா காட்டுனாவ."

"கழலுறதுக்குன்னு எவனாவது போல்ட் போடுவானாட்டி? திங்கக்கெழம அந்த டாக்டரா வந்து நிக்கப் போறாரு?"

ஏசுவடியான் தயங்கினான். வனமாமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நாளுதாம்ல. ஒரே ஒரு நாள்."

ஏசுவடியான் எல்-கீயை போல்ட்டில் பொருத்தி, பிடி நீளத்துக்கு ஒரு குழாயைச் சொருகி, இரண்டு கால்களையும் இரும்பு கிறீச்சிடும்வரை முடுக்கினான். "ஆறு வருசமா சீட்டு போல்ட் முடுக்குத கை. ஒரு வண்டி திரும்பி வந்ததில்ல. ஒனக்கும் ஒரு வருசம் வாரண்டி, போ!"

வனமாமலை சிரித்தான். பாண்டிச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏசுவடியான் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை நேராக ஒரு கோடு இழுத்தான். லைனில் முடுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் அந்தக் கோடு உண்டு. போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வனமாமலை மேஜைமுன் நின்றான். ஏழு, எட்டு, ஒன்பது. தொடைக்குள் நெருப்பு ஏறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கால் கழலவே இல்லை.

பத்து மணிக்கு டீ மணி அடித்தது. பின்னாலிருந்து கலைமணியின் குரல் கேட்டது. "இன்னா வனமாமலை, கல்லு மாதிரி நிக்கிறியே! வாப்பா, டீ குடிச்சிகினே பேசலாம். மேல நான் சொல்லிடறேன்."

சந்தோஷத்தில் திரும்பினான். கீழே போட்டிருந்த மரப்பலகைகளின் இடுக்கில் வலது பாதம் சிக்கியிருந்தது. உடம்பு மட்டும் திரும்பியது. 'டக்'கென்ற சத்தம் வரவில்லை. பச்சை மரக்கிளை முறிவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

ஏசுவடியான் ஓடிவந்தான். போல்ட்டை எட்டுவதற்காகப் பாண்டிச்செல்வி பேண்ட் பக்கவாட்டில் தைத்திருந்த பட்டன்களைப் பிய்த்துத் திறந்தான். கம்பி வெளிவரும் இடத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மஞ்சள் கோடு மயிரிழைகூட விலகாமல் நேராக இருந்தது.

விழுந்து கிடந்த வனமாமலை மேஜைக் காலைப் பிடித்து எழப் பார்த்தான்.

"சார், இன்னும் நாலு மணி நேரந்தான சார். நான் நிப்பேன். ஏல ஏசு, தூக்கி விடுல. நிப்பேம்ல."