மட்கார்டுக்கு வெட்டிய தகடு

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி 1949-ஆம் வருடத்து லாரி. தீயணைக்கப் போவதை நிறுத்தி முப்பது வருடமாகியும், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அதுதான் முதலில் போகும். அதன் வலது முன் மட்கார்டு துருவேறி, விரலால் குத்தினாலே பொத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது, தீயணைப்புக் குழுவின் தலைவர் டுவேன் பெக்மன் என் கடைக்கு வந்தார். நெப்ராஸ்காவில் அறுநூறு பேர் இருக்கிற ஊரில் டிங்கரிங் கடை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"லாயிட், ரொம்பப் பழைய வண்டி. உன்னால முடியுமா, இல்ல லிங்கன் நகரத்துல யாரையாவது பாக்கட்டுமா?"

"நூறு மட்கார்டு மாட்டினவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன்.

நூறு மாட்டியது உண்மைதான். ஆனால் அவையெல்லாம் கடையில் வாங்கியவை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் முடிந்தது. வெறும் தகட்டைத் தட்டித் தட்டி உருவத்துக்குக் கொண்டுவருவதை நாலைந்து முறைதான் செய்திருந்தேன். ஒன்றுகூடச் சொல்லிக்கொள்ளும்படி வந்ததில்லை. அதை டுவேனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய மட்கார்டின் துருப்பிடிக்காத ஓரத்தை அளந்து பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பதினெட்டு கேஜ். கிராண்ட் ஐலண்ட் நகரத்துக்குப் போய் அதே கனத்தில் மூன்று இரும்புத் தகடு வாங்கி வந்தேன். மட்கார்டில் துருவேறிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுப்போட வேண்டும். அங்கே கீழ்விளிம்பு ஒரே இடத்தில் உள்ளேயும் பக்கவாட்டிலும் வளையும். முதல் தகடு நெளிந்துபோனது. இரண்டாவது விளிம்பில் கிழிந்தது. மூன்றாவதை நான்கு நாள் தட்டினேன். வண்டியில் வைத்துப் பார்த்தால் கட்டை விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருந்தது. என் வீட்டு ஹீட்டர் குழாய்க்கு வாங்கியதில் மிஞ்சிய ஜி.ஐ. தகடு மூலையில் சாய்ந்திருந்தது. கனம் பாதிதான். துத்தநாகம் பூசிய தகட்டில் பெயிண்ட் லேசில் பிடிக்காது, பற்ற வைத்தால் நச்சுப்புகை கிளம்பும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். சும்மா வைத்துப் பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். நாலு தட்டில் அச்சாக உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் அதைத் திரும்ப எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று வெல்டிங் வைத்த புகையில் மாலை குளிரும் காய்ச்சலும் வந்தது. என் மனைவி ஆர்லீனிடம் ஃப்ளூ என்றேன். மறுநாள் பட்டி போட்டுத் தேய்த்து, மேலே சாம்பல் நிற ப்ரைமர் அடித்தேன். அடியில் என்ன தகடு என்று இனி யாருக்கும் தெரியாது.

பெயிண்ட் வேலை நடீன் ஹ்ரூபியுடையது. ஊர் எல்லையில் தன் கொட்டகையில் டிராக்டர்களுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் அடிப்பவள். அவள் அடித்த வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். லாரியை எடுத்துப்போக வந்தவள் மட்கார்டின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள்.

"ஒட்டு போட்ட இடமே தெரியலயே! என்ன தகடு போட்ட?"

"பதினெட்டு கேஜ் இரும்பு. பழசுல இருந்த அதே கனம்."

"கையில வித்தை வச்சிருக்கய்யா நீ."

சிரித்துக்கொண்டே அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஊர்வலத்தில் லாரி செக்கச்செவேலென்று போனது. செப்டம்பரில் மட்கார்டில் கொப்புளம் கிளம்பியது. நானும் நடீனும் இருக்கிற தீயணைப்புக் குழுவின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் காபி குடித்துக்கொண்டே டுவேன் கேட்டார்.

"என்னம்மா நடீன், வண்டிக்கு அம்மை போட்டுருக்கு?"

"பெயிண்ட்ல தண்ணி ஊத்திட்டாளோ என்னவோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடீனின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "காலைல வந்து பாக்கறேன்," என்றாள்.

"நீ எதுக்கு அலையற? நானே எடுத்துட்டுப் போய் சரி பண்ணிடறேன்," என்று நான் முந்திக்கொண்டேன்.

அன்றே உப்புத்தாளால் தேய்த்தேன். பெயிண்டும் ப்ரைமரும் பாலாடைபோல உரிந்து வந்தன. துத்தநாகத்தைப் பிடிக்கிற தனி ப்ரைமர் ஒன்று உண்டு. முதலிலேயே அடித்திருக்க வேண்டியது அதுதான். அதை அடித்து முடித்தபோது நடீன் வாசலில் நின்றாள்.

"அந்த இடத்தக் காட்டு லாயிட்."

"எல்லாத்தையும் தேச்சுட்டேனே. அடியில ஈரம் போல."

"ஈரமா? என் கம்ப்ரசர் குழாய்க் காத்துல தண்ணி கலந்து வந்துச்சுங்கறியா?"

"இருக்கலாம்," என்றேன்.

அந்த ஒரு சொல்லை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் அடித்த பெயிண்ட் கொப்புளிக்காமல் நின்றது. ஊரும் அதையே அவளிடம் சொல்லிக்காட்டியது. பள்ளிக்கூடம் பேருந்துகளை வேறு ஊருக்கு அனுப்பியது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு மார்ச் மாதம், தீவனக் கடை அறிவிப்புப் பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு அட்டையைப் பார்த்தேன்: கம்ப்ரசர், ஸ்ப்ரே கன் விற்பனைக்கு.

கம்ப்ரசரை நானே வாங்கிக்கொண்டால் அவளுக்கு உதவியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கொட்டகைச் சுவர் முழுக்கப் புத்தகம் அளவுத் தகடுகள் தொங்கின. நாற்பது இருக்கும். எல்லாம் அதே சிவப்பு. ஒவ்வொன்றின் கீழும் தேதி, அன்றைய ஈரப்பதம், பெயிண்ட் கலந்த அளவு.

"மழை நாள்ல அடிச்சுப் பாத்தேன், வேணும்னே குழாய்ல தண்ணி விட்டு அடிச்சுப் பாத்தேன்," என்றாள் நடீன். "ஒண்ணுகூட அந்த மாதிரி கொப்புளிக்கல. அப்ப என் கையிலதான் கோளாறு. நீ தேச்சுப் பாத்தவன், மறைக்காம சொல்லு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"இதெல்லாம் என்ன தகடு?" என்றேன். எனக்குத் தெரிந்தேதான் கேட்டேன்.

"பதினெட்டு கேஜ் இரும்பு. நீ சொன்னதுதானே?"

பெயிண்ட் டின் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

"நான் போட்டது இரும்பு இல்ல நடீன். ஜி.ஐ. தகடு. ஹீட்டர் குழாய்க்கு வாங்கினதுல மிச்சம்."

அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஏன்?"

"இரும்ப வளைக்க எனக்கு வரல."

"வரலன்னு சொல்றதுக்கு என்ன? யாரு உன் தலையச் சீவியிருப்பா?" குரல் உயரவில்லை. "ரெண்டு குளிர்காலம்யா. காலைல எழுந்ததும் கை நடுங்குதான்னு பாத்துக்குவேன். என் அப்பாவுக்கு வந்த வியாதி எனக்கும் வந்துருச்சோன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"எழுந்திரு. அது என் டின்," என்றாள். "வியாழக்கிழமை கூட்டத்துல இத அப்படியே சொல்லு. நான் முன்னால உக்காந்து கேப்பேன்."

சொன்னேன். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். முதல் தடவை நாக்குக் குழறியது. டுவேன் புரியவில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தபோது எல்லோரும் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. டுவேன் நடீனிடம் திரும்பி, "அன்னிக்கு அம்மைன்னு கிண்டல் பண்ணது நான்தான்மா," என்று மட்டும் சொன்னார்.

என் ஒட்டை வெட்டியெடுத்துவிட்டு, லிங்கனிலிருந்து வந்த ஒருவர் பதினெட்டு கேஜ் இரும்பில் புதிதாகப் போட்டார். பெயிண்ட் அடித்தது நடீன். கம்ப்ரசரை அவள் விற்கவில்லை. இலையுதிர் காலத்தில் பள்ளிப் பேருந்துகள் அவள் கொட்டகைக்குத் திரும்பின.

பக்கத்தில் பெயிண்ட் அடிக்க வேறு கடை இல்லாததால் என் கடை வண்டிகளும் அவளிடம்தான் போகின்றன. எடுக்க வரும்போதெல்லாம் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, நான் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் ப்ரைமரைச் சுரண்டி அடியில் என்ன தகடு என்று பார்க்கிறாள். பார்த்து முடிக்கிறவரை நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.