ஹட் பேயில் நிற்கும் வண்டி

மூன்றரை மணி தாண்டியும் திருநாவுக்கரசிடமிருந்து போன் வரவில்லை. ஏலம் நாலு மணிக்கு முடிகிறது.

வண்டூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆமினாவின் கடை. அங்கே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள் இந்திராணி. அவள் வீட்டில் சிக்னல் வரும், போகும். ஆமினா கடையில் வைஃபை உண்டு. அதற்காகவே சோறுகூடத் தின்னாமல் வந்து குந்தியிருந்தாள்.

ஏலத்துக்கு வந்திருந்தது ஒரு வெள்ளை பொலேரோ ஜீப். யாரோ ஒரு கான்ட்ராக்டர் தவணை கட்டாமல் விட்டதில் வங்கி அதைப் பிடித்து, கப்பலில் போகவேண்டிய இன்னொரு தீவான ஹட் பேயில் ஒரு கொட்டகையில் நிறுத்தியிருந்தது. ஏலம் முழுக்க ஆன்லைனில்தான். முன்பணம் கட்டிப் பதிந்தவர்கள் விலை கேட்கலாம். கேட்பது யாரென்று ஒருவருக்கொருவர் தெரியாது. உச்ச விலை மட்டும் திரையில் தெரியும். அது நாம் கேட்டதென்றால் பச்சை, அடுத்தவர் கேட்டதென்றால் சிவப்பு.

அவள் புருஷன் திருநாவுக்கரசு இத்தனை வருடமாக ஓட்டியது சந்திரமோகனின் காரை. விமான நிலையத்தில் டூரிஸ்டுகளை ஏற்றி, கடற்கரை கடற்கரையாகச் சுற்றிக் காட்டுகிற வேலை. போன வாரம் சந்திரமோகன் கூப்பிட்டு, மருமகன் மெயின்லாண்டிலிருந்து வந்துவிட்டான், அடுத்த மாதத்திலிருந்து அவனே ஓட்டிக்கொள்வான் என்று சொல்லிவிட்டார். சீசன் தொடங்குகிற நேரம். சொந்த வண்டி இல்லாவிட்டால் கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும். அவன் முதுகு அதற்கு ஒத்துவராது.

வங்கி போட்டிருந்த படங்களில் வண்டி பளபளவென்று இருந்தது. திருநாவுக்கரசு அதை நம்பவில்லை. "படத்துல மேலதான் தெரியும். தீவுல வண்டி கெடறது கீழ இருந்து" என்றான். கடற்காற்றில் நின்ற வண்டியின் அடிப்பக்கத்தை உப்பு தின்றுவிடும்; மேலே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும். கீழே குனிந்து பார்க்காமல் இங்கே யாரும் பழைய வண்டி வாங்குவதில்லை. அதற்காகத்தான் காலையிலேயே கப்பல் ஏறினான். அவனிடம் இருப்பது பட்டன் போன். ஏலப் பதிவு இந்திராணி பெயரில், அவள் கைபேசியில் இருந்தது.

"நான் பாத்துட்டு போன் பண்றேன். சொல்ற வரைக்கும் தொடாத. சொன்னாலும் ரெண்டு லட்சத்து எம்பதுக்கு மேல போகாத." கிளம்பும்போது சொன்னது இதுதான்.

"கடல் ஆட்டமா கெடக்கு புள்ள. கப்பல் லேட்டாத்தான் போயிருக்கும்" என்றாள் ஆமினா, சீனி நிறுத்துக்கொண்டே. "டென்ஷன் மத் லே, கவலைப்படாத."

"லைனே போகல ஆமினாக்கா. எல்லைக்கு வெளியன்னு ஹிந்தில சொல்றா ஒருத்தி."

"அவ அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் பக்கத்து ரூம்ல படுத்துக் கெடந்தாலும் எல்லைக்கு வெளியன்னுதான் சொல்லுவா. அது என்னமோ உண்மைதான்."

இந்திராணிக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் நின்றது. சிவப்பு. கேட்டு எடுத்துவிட்டு, அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தால் திருப்பித் தர முடியாது. மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். கேட்காமல் விட்டால் வண்டி போய்விடும். இந்த விலைக்கு இன்னொரு வண்டி எந்தத் தீவிலும் கிடைக்காது.

இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லைக்கு வெளியே.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். இரண்டு நாற்பத்திரண்டு. பச்சை.

மூச்சு விடுவதற்குள் சிவப்பு. யாரோ நாற்பத்து நாலு கேட்டுவிட்டார்கள். அவள் நாற்பத்தாறு. அந்தப் பக்கம் நாற்பத்தெட்டு. கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாகவே கொஞ்சம் நீளும். அதனால் நாலு மணி வந்தும் முடியவில்லை. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. அந்த ஆள் யோசிக்கவே இல்லை. இவள் ஏற ஏற அவனும் ஏறினான். இந்திராணியின் கட்டைவிரல் வேர்த்து, அழுத்தினால் திரை கேட்காமல் வழுக்கியது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு எண்பது. சிவப்பு.

"பஸ், போதும், விட்டுரு. ஒன் எல்லை வந்துருச்சு" என்றாள் ஆமினா.

விடத்தான் நினைத்தாள். மூட்டையின் கீழே குனிந்து நிற்கும் புருஷனின் முதுகு கண்ணில் வந்தது. இரண்டு எண்பத்திரண்டு என்று அழுத்தினாள். பச்சை. பச்சையாகவே நின்றது. விநாடிகள் ஓடி முடிந்து, வண்டி உங்களுக்கே என்று திரை சொன்னது.

அந்த நொடியே போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"போச்சு இந்திரா." திருநாவுக்கரசின் குரல்.

"எங்க இருக்கீங்க? யார் போன் இது?"

"இங்க ஹட் பேல இருக்கானே நம்ம சுதாகர், அவன் போன். கப்பல் லேட்டு. எறங்குனதும் ஓடிப்போய் வண்டியப் பாத்தேன். உனக்கு அடிச்சு அடிச்சுக் கை வலிச்சுப்போச்சு, லைனே கெடைக்கல. சுதாகர் இதே ஏலத்துல ஒரு டிராக்டர் எடுக்கலாம்னு முன்பணம் கட்டி வெச்சிருந்தான். அதே பணத்துல இதையும் கேக்கலாமாம். அவன் போன்லயே கேட்டேன். எம்பது வரைக்கும் போனேன். எவனோ ஒரு பைத்தியக்காரன் விடாம ஏறிக்கிட்டே வந்தான்."

இந்திராணி போனைக் காதிலிருந்து எடுத்து, திரையில் நின்ற இரண்டு எண்பத்திரண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வண்டி எப்படி இருந்துச்சு?"

"விடு, சனியன் தொலஞ்சதுன்னு வெச்சுக்க. அடியெல்லாம் துரு."

அவளுக்கு அவனைத் தெரியும். லம்பா லைன் பகுதியில் பார்த்த வாடகை வீடு கைநழுவியபோதும் அங்கே தண்ணீரே வராது என்று சொன்னவன். கிடைக்காததையெல்லாம் கெட்டது என்பான், அவள் வருத்தப்படக்கூடாதென்று. இப்போது சொல்வது அதுவா, நிஜமா?

"அந்தப் பைத்தியக்காரன் நான்தாங்க."

ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே அவன் சுதாகரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"நாப்பத்தாறு யாரு?" என்றான்.

"நான்."

"எழுவது?"

"நான்."

"தொடாதேன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"நாங்க நாப்பத்து நாலுலதான் நுழைஞ்சோம். அப்பறம் வேற ஒருத்தனும் இல்ல, நீயும் நானும்தான். நாங்க சும்மா இருந்திருந்தா நாப்பத்திரண்டுக்கே முடிஞ்சிருக்கும்." பின்னால் சுதாகர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "டேய், சும்மா இருடா."

"நெசமாச் சொல்லுங்க. அடிப்பக்கம் எப்படி?"

"ஒண்ணும் இல்ல, சுத்தமாத்தான் இருக்கு. முன்ன சொன்னது சும்மா."

இப்போது அதையும் அவளால் நம்ப முடியவில்லை. எடுத்துவிட்டாளே என்று மனசு தேற்றச் சொல்கிறானோ?

"போய்ப் படம் எடுத்து அனுப்புங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது. சீனிக்கு வந்தவர்கள் போனார்கள். போர்ட் பிளேர் பஸ் வந்து நின்று கிளம்பியது. ஆமினா கோப்பையில் வைத்துவிட்டுப் போன சாய் ஆடைகட்டியது. இந்திராணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படம் வந்தது. முதலில் வெறும் சாம்பல் கலங்கல், நடுவில் வட்டம் சுற்றியது. கலங்கலுக்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது. துருவோ என்று கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு படம் தெளிந்தது. பழுப்பாகத் தெரிந்தது அவன் முழங்கை, டார்ச் பிடித்தபடி. அதற்குமேல் இரும்புச் சட்டம் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக, நெடுக ஓட்டையில்லாமல் ஓடியது. அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிலந்தி வலை.

விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். ஆமினாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அச்சா ஹை, நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குள்ளயே ஏலம் போட்டு எடுத்திருக்கீங்களே, ரெண்டு பேரும்."

இந்திராணி கைபேசியை மடியில் கவிழ்த்தாள். வீணாகக் கூடிப்போன நாற்பதாயிரத்தை நினைக்க வலித்தது. ஆனாலும் இப்போதுதான் பசி தெரிந்தது.

"ஆமினாக்கா, சோறு மிச்சம் இருக்கா?" என்றாள்.