முன் சீட்டுக்கு ஒரு முட்டிவலி

…சொல்லியிருக்கவே வேண்டாம், பேசாமல் கொடுத்த இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், அவளும் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பையன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளை பேச்சிலேயே ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் காட்டிக்கொண்டு வந்திருப்பாள், நானும் ம் கொட்டிக்கொண்டு வந்திருப்பேன், ஒரு பகல் போனால் போகட்டும், ம் கொட்டினால் வாயா தேய்ந்துவிடும்? இப்போது அவள் திரைக்கு அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிறாள், நான் இங்கே நடு சீட்டில், இரண்டு பக்கமும் இரண்டு ஆண்களின் முழங்கை, நானாகத் தேடிக்கொண்டதுதானே… நிம்மதியாகப் போகலாம் என்றுதானே அவளை முன்னால் தள்ளிவிட்டேன், எங்கே அந்த நிம்மதி? புறப்பட்டதிலிருந்து கண்ணை மூடினால் ஒரு சக்கர நாற்காலிதான் வந்து நிற்கிறது.

மகளுக்கு நிறைமாதம், இருப்பது வெளிநாட்டில், துணைக்கு நானும் சம்பந்தியம்மாவும், அதாவது மாப்பிள்ளையைப் பெற்ற மகராசியும், சேர்ந்து போகிறோம், மனதுக்குள் 'அவள்', நேரில் 'வாங்க, போங்க'. டிக்கெட் மாப்பிள்ளை போட்டது, இருவருக்கும் பின் சீட்டுதான். விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், பையை என்னிடம் நீட்டினாள், "நீங்க வரிசையில நில்லுங்க சம்பந்தி, நான் இங்கயே இருக்கேன்"… பையனைப் பெற்றவள் உட்காருவாள், பெண்ணைப் பெற்றவள் நிற்பாள், உலகம் தோன்றிய நாளிலிருந்து அப்படித்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, சின்னப் பெண், "பின்னாடி நிறைஞ்சுடுச்சும்மா, ஒருத்தரை மட்டும் பிசினஸ் கிளாஸுக்கு மாத்தலாம், முடியாதவங்க இருந்தா அவங்களுக்குத்தான் முதல்ல, உங்ககூட வர்றவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது…" என்று இழுத்தாள், அவள் முடிக்கவில்லை, நான் முடித்து வைத்தேன். "முட்டிம்மா. ரெண்டும் தேஞ்சு போச்சு, மடக்கவே முடியாது. வெளியில சொல்லிக்க மாட்டாங்க, பாவம்." அந்தப் 'பாவம்' எங்கிருந்து வந்தது? பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, அதன் தலையில் பூ வேறு வைத்தேனே. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள், சிரித்தாள், சீட்டைக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, "இறங்கற இடத்துல கதவுகிட்டயே வீல்சேர் வந்துடும்மா, போட்டுட்டேன்" என்றாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மடக்கவே முடியாத முட்டிக்கு வீல்சேர் எதற்கு என்றா? அவளிடம், "எனக்கு முன்னாடி சீட்டு குடுத்தாங்க, நீங்க போங்க" என்று மட்டும் சொல்லிச் சீட்டை நீட்டினேன்.

வீல்சேர்… யாருக்கு? விளையாட்டு டீச்சராக இருந்தவளுக்கு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே ஓட வைத்தவளுக்கு, கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்து, "என்ன சம்பந்தி, நாலு படி ஏறினதுக்கே மூச்சு வாங்கறீங்க?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டவளுக்கு. பையன் பார்க்கப் பார்க்க அதில் உட்காரச் சொன்னால் சும்மா இருப்பாளா? யார் சொன்னது எனக்கு முட்டிவலி என்று கேட்பாள், உங்கள் சம்பந்திதான் என்பார்கள், அப்புறம்? அப்புறம் மூன்று மாதம் ஒரே வீட்டில், இரண்டே அறை, ஒரே அடுப்பு, நடுவில் பச்சை உடம்புக்காரி. போன வாரம்கூட மகள், "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், அத்தைகூட முறைச்சுக்காத, என்னால நடுவுல நின்னு ரெண்டு பேரையும் பார்த்துக்க முடியாது" என்றாள். சரிடீ சரிடீ என்றேன். வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்னாலேயே கொள்ளி வைத்துவிட்டேன்.

இதில் கேவலம் என்னவென்றால் இந்த வித்தை எனக்குப் புதிதில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் புளித்துப் போனது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை, தலை நரைக்கும் வரைக்கும் அதே கண்ணாடிக்குப் பின்னால். நெஞ்சு வலி என்பார்கள், மயக்கம் என்பார்கள், டோக்கன் கைக்கு வந்ததும் டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள், நான் விட மாட்டேன், எழுந்து நின்று கத்துவேன், "நிஜமா வலிக்கறவங்க தரையில உட்கார்ந்திருக்காங்க, உங்களுக்கு வெட்கமா இல்ல?"… அந்த வெட்கம்தான் இப்போது என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிஜமாக முடியாதவர் யாராவது இந்தப் பின்வரிசைகளில் இருப்பாரோ? அதோ, ஜன்னல் பக்கம் ஒருவர் எழுந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாரே, அவருக்கு வரவேண்டிய இடமோ? அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், முன்னால் இருக்கும் பையில் வைத்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் படிக்கிறேன், விமானம் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று எனக்கு இப்போது தலைகீழாகத் தெரியும்.

சரி, ஏன் செய்தாய்? சொல்லேன், உனக்கு நீயே சொல்லிக்கொள்வதற்கென்ன… அவள் பேச்சு தாங்காது என்பது சும்மா, அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று எத்தனை பேச்சைத் தாங்கியவள் நான். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அதுதான். பிரசவ அறையில் புருஷனைத் தவிர ஒருவரைத்தான் உள்ளே விடுவார்களாம், அந்த ஊர் வழக்கம், மகள் அதை முதலில் மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னாள், பிறகு அவளே போனை வாங்கினாள், "அம்மா, தப்பா நினைச்சுக்காத, அத்தை இருக்கட்டும்னு பார்க்கறேன், நீ என்னைப் பார்த்து அழுவ, அப்புறம் உன்னை யாரு பார்த்துக்கறது? அத்தைன்னா தைரியம் சொல்லுவாங்க." நான் சிரித்தேன், ரொம்ப நல்லா யோசிச்சிருக்க என்றேன், போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதே. மகள் சொன்னது பொய்யா? நான் அழுவேன்தான். மகளுக்குக் காது குத்தியபோதே அழுதவள், இதற்கு அழ மாட்டேனா? அதற்காக, பத்து மாதம் சுமந்தவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு, நேற்று வந்த சம்பந்தம் உள்ளே போய் என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளுமா? காரில் வரும் வழியெல்லாம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், மோதிரம் போட்ட, தடித்த, நல்ல பலமான கை… போ, முன்னால் போய்த் தொலை, இந்த ஒரு பகலாவது என் கண்ணில் படாமல் இரு. இப்படித்தான் அந்த முட்டிவலி பிறந்தது.

அதை எல்லாரும் தர்மம் என்று எடுத்துக்கொண்டார்களே, அதுதான் அடி. விமானம் கிளம்பும் முன்னே மாப்பிள்ளையிடமிருந்து செய்தி, 'அத்தை, அம்மா சொன்னாங்க, உங்களுக்கு வந்த சீட்டைக் குடுத்துட்டீங்களாமே, உங்க மனசு யாருக்கும் வராது', கீழே கும்பிடும் கை இரண்டு. மகளிடமிருந்து ஒரு இதயம், சிவப்பாக. பக்கத்து சீட்டுக்காரர், ஏதோ தண்ணீர் பம்பு விற்கிறவராம், கவுண்டரில் எனக்குப் பின்னால் நின்றவர், "இந்தக் காலத்துல கூடப் பொறந்தவங்களே செய்ய மாட்டாங்கம்மா, நீங்க சம்பந்திக்குச் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எனக்காகத் தன் முழங்கையைக்கூடக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறியதற்கு இவ்வளவு புகழா? ஐயா, அந்த முழங்கையை இருந்த இடத்திலேயே வையுங்கள், எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றேன், அடக்கமாக, அது இன்னும் மோசம்.

சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் எழுந்தேன், போய்ச் சொல்லிவிடுவது, இறங்குவதற்குள் சொல்லிவிடுவது, சம்பந்தியம்மா, உங்களுக்கு சீட்டு வாங்க ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டேன், அங்கே வீல்சேர் வந்து நிற்கும், சிரித்துவிட்டு நடந்து போய்விடலாம்… நல்லெண்ணத்தில் சொன்ன பொய்தானே, அவளும் சிரிப்பாள், சிரிக்க மாட்டாளா? திரைக்கு முன்னால் பணிப்பெண் நின்றாள். "உங்க சீட்டு பின்னாடி இல்லையாம்மா?" "எங்க சம்பந்தி உள்ள இருக்காங்க, ஒரு வார்த்தை…" "ஓ, அந்த முட்டிவலி அம்மாவா? தூங்கறாங்க. காலுக்கு அடியில தலையணை வச்சுக் குடுத்திருக்கேன், ஐஸ்கூட வச்சேன். நீங்க சொல்லி விட்டீங்களாமே, அவங்ககிட்ட சொன்னேன்." "என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லல. சும்மா என்னையே பார்த்தாங்க." திரும்பி வந்து உட்கார்ந்தேன்… சும்மா பார்த்தாளாம். வாய் மூடாதவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் சேர்த்து வைக்கிறாள் என்று அர்த்தம், வட்டியும் முதலுமாகப் பையன் முன்னால் வரும். பெண்ணைப் பார்க்கப் போகிற சந்தோஷம் ஒரு பொட்டுகூட இல்லை, விமானம் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது, என்ன தாய் நான்?

இறங்கிவிட்டது. முன்னால் இருப்பவர்கள் முதலில் போய்விடுவார்கள், கதவு வரைக்கும் ஒரு யுகம் மாதிரி வரிசை, பம்புக்காரர் என் பையை இறக்கிக் கொடுத்தார், நன்றி சொன்னேனா இல்லையா, தெரியவில்லை. கதவைத் தாண்டியதும் அந்த நாற்காலி, அதைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறவர் ஒருவர், அதில் சம்பந்தியம்மா. உட்கார்ந்திருக்கிறாள்! சண்டை போடவில்லை, எழுந்து நிற்கவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன், "சம்பந்தியம்மா, நான் வந்து…" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அந்தத் தடித்த கை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பெத்த பையனுக்கே தெரியாது. முட்டிக்கு ஆபரேஷன் உடனே பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார், நான்தான் தள்ளிப் போட்டேன். தெரிஞ்சா அவன் டிக்கெட்டே போட்டிருக்க மாட்டான், நான் அங்க படுத்துக்கிட்டு இருப்பேன், இங்க குழந்தை பொறந்திருக்கும். மாத்திரை போட்டுக்கிட்டு எப்படியோ சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்… உங்ககிட்ட மறைக்க முடியல பாருங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம், அந்த ஒரு நொடி எனக்காகவே நின்றது, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, உங்களைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று… என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆஸ்பத்திரியில இருந்தவ இல்லையா நான், நடையைப் பார்த்தாலே தெரியும்." யோசிக்கவே இல்லை, கவுண்டரிலாவது அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள், இது தானாக வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலி நகர்ந்தது, பளபளவென்று நீளமான நடைபாதை, நான் பக்கத்தில் நடந்தேன், கையை அவள் விடவில்லை. "ஒண்ணு சொல்லணும் சம்பந்தி. பிரசவ ரூமுக்கு நீங்க போங்க. அவ்வளவு நேரம் என்னால நிக்க முடியாது, நடுவுல கால் மடங்கிடுச்சுன்னா அவ பயந்துடுவா. நீங்கதான் போகணும்னு நானே சொல்லிடறேன், ஏன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." நெஞ்சு குதித்தது, ஐயோ, வெட்கம் கெட்ட நெஞ்சு, ஒருத்தி கால் போகிறதே என்று பதறாமல் குதித்தது, என் பெண்ணின் கை, என் கைக்குள், நானே… அந்தக் குதிப்பை என்னால் அடக்க முடியவில்லை, அடக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பாஸ்போர்ட், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, "அவன்கிட்ட இந்த நாற்காலியை என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது, இன்னும் எங்களைப் பார்க்கவில்லை, தாயாருக்கு முட்டி போய்விட்டது என்று சொன்னால் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போவார், அது நல்லதுதான், வைத்தியம் தள்ளிப்போகப் போக முற்றும் என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்… ஆனால் சொன்னால் இவளைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ? அனுப்பட்டுமே, நான் உள்ளே நிற்பேன்தானே? சொல்லாவிட்டால்? அப்போதும் நான்தான் உள்ளே நிற்பேன். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு லாபம், இதில் எது இவளுக்காகச் செய்வது? "பிசினஸ் கிளாஸ்ல வர்றவங்களுக்கு மரியாதைக்குக் குடுக்கறாங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றாள், "நீங்க சொன்னா நம்புவான், உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு அவனுக்குத் தெரியும்." மாப்பிள்ளை பார்த்துவிட்டார், முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார், அம்மாவைப் பார்க்கவில்லை, நாற்காலியையும் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்…