ஒரு நாள் தாமதம்

தேயிலைத் தோட்டத்துக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவள் டிலானி. அந்தப் புத்தகங்கள் போன மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. இப்போது இருப்பது அம்பிட்டிய அலுவலகத்து லினக்ஸ் சேர்வரும், அதில் எழுதுவதையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளும் கம்பளை ஊரிலுள்ள நகல் சேர்வரும்தான்.

நகல் இருக்கிறதே என்று தனிப் பிரதி எடுப்பதை அவள் நிறுத்தி மாதங்களாயின. அழித்ததை மீட்க உதவும் மாற்றக் குறிப்புகளையும் இடம் போதாமல் இரவோடு துடைக்கும்படி அவளே எழுதிவைத்திருந்தாள்.

திங்களன்று இரட்டைப் பதிவுகளைக் களைந்தாள். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே பிறந்த தேதி என்றால் விவரம் கூடிய வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் போயின.

செவ்வாய் காலை தோட்டத்திலிருந்து அந்தோனியம்மா என்ற பெண் வந்தார்.

"ஐடென்டி கார்டுக்கு ஞானஸ்நானக் கடிதம் வேணும் மிஸ். நாளைக்குக் கடைசி நாள்."

திரையில் ஒரே ஒரு அந்தோனியம்மா. தகப்பன் சவரிமுத்து. இறந்தது 2019.

"அது மேல்லயத்து வரிசை வீட்டு அந்தோனியம்மா. என் அப்பாவும் சவரிமுத்துதான். சாமியார் வருசத்துக்கு ஒருக்கா அந்தோனியார் திருநாளுக்குத்தான் மலை ஏறுவாரு. அந்த வருசம் பொறந்த பொம்பளப் புள்ளைங்களுக்கு எல்லாம் அதே பேரு, பொறந்த தேதின்னு அந்தத் திருநாளையே எழுதிடுவாரு."

டிலானி கம்பளைச் சேர்வரைக் கவனிக்கும் அஸ்ஃபருக்கு அழைத்தாள்.

"அஸ்ஃபர் நானா, உங்கட சேர்வர் ஒரு நாள் பிந்தி நகல் எடுத்ததே, அத மாத்திட்டீங்களா?"

"நீங்கதானே தங்கச்சி போன கிழமை சண்டை புடிச்சீங்க, இங்க நேத்து வரைக்கும் உள்ள பதிவுதான் கிடைக்குதுன்னு. எல்லா வேலையையும் இழுக்கிற நான் இத மட்டும் அன்னைக்கே செஞ்சன்."

அங்கும் அதே ஒரு வரிதான் இருந்தது.

பதிவு எண்ணோ ஞானப்பெற்றோர் பெயரோ அந்தோனியம்மாவுக்குத் தெரியவில்லை. புது வரி எழுத வழியில்லை. டிலானி குரலைத் தாழ்த்தினாள்.

"இதுல இறந்த தேதிய எடுத்திட்டா உங்களுக்குக் கடிதம் தரலாம்."

"எடுத்தா அவ என்ன ஆவா?"

டிலானி கர்சரை அந்தத் தேதியின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே நிரையில கொழுந்து எடுத்தவங்க. அவ பேரு மட்டுந்தான் மிச்சம். இருக்கட்டும் மிஸ்."

அவர் கொண்டுவந்த விண்ணப்ப உறையை மடித்துச் சேலைக்குள் செருகிக்கொண்டு, குடையைத் தேடி எடுத்துப் படியிறங்கினார்.

சற்று நேரத்தில் அஸ்ஃபர் அழைத்தான்.

"தங்கச்சி, அந்த ஒரு நாள் தாமதத்தத் திரும்பப் போட்டுட்டன்."

"சரி நானா" என்றாள். அந்தோனியம்மா ஏறிய கண்டி பஸ் அதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது.