கொண்டுவந்து விடப்பட்டவர்

என் வீட்டுக்காரர் வெளிமானாகிப் பதினெட்டாம் நாள் கணக்கெடுப்புக்காரர் வந்தார்.

அதுவரை எங்களுக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. அவருக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் முறுக்கிய கொம்பு இரண்டு. குளியலறைக் கதவில் கொம்பு இடித்தது. தலையைச் சாய்த்து நுழையப் பழகிக்கொண்டார். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனித் தொட்டிகளில் துளசியைப் பிடுங்கிவிட்டு அருகம்புல் வைத்தேன். மனிதராக இருந்தபோதே அவர் அதிகம் பேசமாட்டார். மானான பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

எதிர்வீட்டு டீச்சர் லிஃப்டில் அவரைப் பார்த்துவிட்டு, "சார் நல்லா இளைச்சுட்டாரே, வாக்கிங் போறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கணக்கெடுப்புக்காரர் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுக் கதவின் படம் இருந்தது. சரியான ஆள்தான் என்று உள்ளே விட்டேன்.

"வீட்ல வெளிமான் எத்தனை?"

"ஒண்ணு."

"பேரு?"

"தவசிமுத்து."

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

எழுதிக்கொண்டார்.

"சொந்த ஊரு?"

"வல்லநாடு பக்கம்" என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது நினைத்தாலும். ஆனால் வேறு என்ன சொல்வேன்? இந்த ஊரில் யாரும் சொந்த ஊர் சென்னை என்று சொல்லி நான் கேட்டதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வழுக்கை விழுந்தவர்கூடக் கேட்ட மாத்திரத்தில் வேறு ஓர் ஊரைச் சொல்வார். நானாவது ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து கல்யாணமாகி வந்தவள். இவர் எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். வல்லநாட்டை விட்டு வந்தது இவருடைய தாத்தா.

கணக்கெடுப்புக்காரர் பேனாவை மூடினார்.

"அப்ப இவர் இங்க கொண்டுவந்து விடப்பட்ட இனம்."

"அப்படின்னா?"

"வல்லநாட்டுல இருந்தா இவர யாரும் தொட முடியாதும்மா. அங்க வெளிமான் சரணாலயம் இருக்கு, அது அவர் மண்ணு, பாதுகாப்பு உண்டு. கொண்டுவந்து விட்ட எடத்துல அப்படி இல்ல. வேட்டைக்கு அனுமதி. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வருவாங்க."

அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை நாங்க கவிச்சி சமைக்க மாட்டோமே."

"சமைக்கறது நீங்க இல்லம்மா."

"ஐயா, தப்பாச் சொல்லிட்டேன். இவுக இங்கதான் பொறந்தாக. எழும்பூர்ல."

"பேனா மூடியாச்சும்மா" என்றார். கதவில் ஒரு பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டுப் படியிறங்கினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பெயின்ட்தான் வந்தது, சீட்டு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வேட்டைக்காரர் வந்தார். நடுவயது, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. செருப்பை வாசலிலேயே கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். துப்பாக்கி பேட்மிண்டன் உறைக்குள் இருந்தது.

"வணக்கம் மேடம். என் பேரு திரவியம். வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு நான்தான். பேரும் விலாசமும் மட்டும்தான் எங்ககிட்ட குடுப்பாங்க. ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் என் கை பாட்டுக்கு டம்ளரை எடுத்துவிடுகிறது. சர்க்கரைகூடச் சரியாகப் போட்டிருக்கிறேன், சனியன்.

அவர் தையல்காரர் டேப்பை எடுத்துக் கொம்பை அளந்தார். என் வீட்டுக்காரர் அசையாமல் நின்று காட்டினார். "நாலு முறுக்கு. பிரமாதம்" என்றார் திரவியம். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"எங்க மேல கோபப்படாதீங்க மேடம். சொந்த ஊர்ல இவங்க எத்தனை பேர் மிச்சம்? விரல் விட்டு எண்ணிடலாம். இங்க பாருங்க, வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம் வரைக்கும் பெருகிக் கிடக்காங்க. சுடறதுக்கு ஆள் இருக்கறதாலதான் வளர்க்கறதுக்கு ஆள் இருக்கு. வெளிநாட்டுலகூட மான் பண்ணைகள்ல அப்படித்தான்."

"சுடணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா அங்க ஊர்ல போய்ச் சுடுங்களேன்."

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, அது பாவம் மேடம். அது அவங்க மண்ணு. அப்படியெல்லாம் வாயால சொல்லாதீங்க."

கிளம்பும்போது, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார் என்று கேட்டார். கிழக்கே என்றேன். குறித்துக்கொண்டார். அவர் போன பிறகு டம்ளரை மூன்று தடவை கழுவினேன்.

புதன்கிழமை, பச்சைச் சீட்டில் போட்டிருந்த வாழிட அலுவலகத்துக்குப் போனேன். ஆறாம் ஜன்னல் என்றார்கள். வாசலில் இருந்தே ஆறாம் ஜன்னல் தெரிந்தது. நடந்தேன். நடக்க நடக்க நடைவழி நீண்டது. ஒரு மணி நேரம் நடந்தபின் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் சுவரோரம் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். "ஆறாம் ஜன்னலா? நேராப் போங்க" என்று ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். இதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடுமோ என்று பயந்து ஓட ஆரம்பித்தேன்.

ஜன்னலில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு திருத்தம் போடணும்மா."

"எதுல?"

"சொந்த ஊர்ல."

"சொந்த ஊர எப்படிம்மா திருத்துவாங்க?"

"அது இவுக ஊரே இல்லம்மா. ஆயுசுல நாலு தடவைதான் போயிருக்காக. அதுவும் குலசாமி கோயில் கொடைக்கு."

"கொடைக்குப் போவாரா?" இப்போது நிமிர்ந்தார். அதையும் எழுதினார். "அப்ப அதான் ஊரு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. "எனக்கு அவுகள விட்டா யாரும் இல்லம்மா. முப்பத்தொரு வருசம் ஒண்ணா இருந்துட்டோம். மானா இருந்தாலும் பரவாயில்ல, வீட்ல இருந்தாப் போதும்" என்றேன்.

அந்த அம்மாளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"சுடறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே ஊர் கேப்பாங்க. அவர் வாயால 'சென்னை'ன்னு சொல்லிட்டாருன்னா திரும்பிப் போயிடுவாங்க. அவ்வளவுதான்."

"அவுக பேசியே மூணு வாரமாச்சே."

"ஒரு வார்த்தைதானேம்மா."

திரும்பும்போது நான்கே எட்டில் வாசல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"சொல்லுங்க. சென்னை."

அவர் அசைபோட்டார்.

"மெட்ராஸ்னாவது சொல்லுங்க. மடிப்பாக்கம்னு சொன்னாக்கூட விட்ருவாக."

அவர் பால்கனியைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் அப்பா வந்து அரைமணி நேரம் பேசியபோதும் இப்படித்தான் மலங்க மலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "உயிரு போற விசயத்துலகூட வாயத் திறக்க மாட்டீகளா?" என்று கத்தினேன். அவர் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. உடனே எனக்கு மனசு கேட்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கழுத்தில் நாடி படபடவென்று அடித்தது. அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் உதட்டைக் குவித்து, "செ" என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தக் கால்மணி நேரம் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதன் பிறகு இருட்டும்வரை சொல்லிக்கொடுத்தும் அடுத்த எழுத்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஹால் நீண்டுவிட்டிருந்தது. சோபா தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. டைல்ஸ் இடுக்கிலெல்லாம் புல் முளைத்திருந்தது. அவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சரியாகப் பத்து மணிக்குக் காலிங்பெல் அடித்தது. திறக்காமல் நின்றேன். கதவு தானாகத் திறந்துகொண்டது.

திரவியம் செருப்பைக் கழற்றினார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"தவசிமுத்து அவர்களே, உங்க சொந்த ஊர் எது?"

அவர் தலையைத் தூக்கினார். நான் எதிரே நின்று சத்தம் இல்லாமல் வாயசைத்தேன். சென்னை. சென்னை. அவர் உதடு குவிந்தது. "செ" என்றார்.

திரவியம் பொறுமையாகக் காத்திருந்தார். ஊர் கேட்டவர் தன் ஊரையும் சொல்வதுதானே மரியாதை? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எனக்குச் செய்துங்கநல்லூர் பக்கம்."

என் வீட்டுக்காரரின் காது இரண்டும் விறைத்து நின்றன. கண் மலர்ந்தது.

"அட!" என்றார். "நமக்கு வல்லநாடுல்லா!"

"ஏ, வல்லநாடா!" திரவியத்தின் பேச்சே மாறிப்போயிற்று. "மொதல்லயே சொல்லக் கூடாதா? பக்கத்துல பக்கத்துல இருந்துக்கிட்டு தெரியாமப் போச்சு பாருங்க. வல்லநாட்டுல எங்கிட்டு?"

"மலைய ஒட்டி" என்றபடி அவர் துள்ளிக்கொண்டு திரவியத்திடம் போனார். நான் பாய்ந்து கழுத்தைப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டார். திரவியம் ஒரு கையால் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே மறுகையால் தோட்டாவைப் போட்டார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

நான் நடுவில் போய் நின்றேன். துப்பாக்கிக் குழல் என் புடவையில் இடித்தது.

"மைனி" என்றார் திரவியம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மைனி. நம்ம ஊர்க்காரகன்னு ஆயிப்போச்சு, இனி ஏனோதானோன்னு செய்ய முடியுமா? கிட்ட நின்னு பதவிசாச் சுடுதேன். அண்ணாச்சிக்கு வலியே தெரியாது."

நான் தள்ளி நிற்கவில்லை. அவரும் என்னைத் தள்ளவில்லை. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டாரே, எப்படி மேலே கை வைப்பார்?

என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். "பஸ்ஸ விட்டு எறங்கி மலையப் பாத்து நேரா நடந்தீகன்னா ஒரு செக்கு வரும். அதுக்கு அடுத்தாப்புல நம்ம வீடுதான். பூட்டித்தான் கெடக்கு. பக்கத்துல கேட்டா சாவி தருவாக. இவளையும் கூட்டிட்டுப் போவணும். அவ சரியாவே பாக்கல."

மூன்று வாரம் கழித்து அவர் குரலைக் கேட்கிறேன். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.