காயாத கால்

சலவைப் பட்டறையில் இஸ்திரி போடுகிறவரின் முழங்காலுக்குக் கீழே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கடல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. வியர்வை இல்லை. வியர்வை அலையடிக்காது. அவர் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் காலடியில் குளம் கட்டி, அதன் விளிம்பு முன்னே வந்து பின்னே போகும். காய்ந்த இடத்தில் உப்புப் பூக்கும். தரை துடைக்கிற அம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடல்தான் என்று சொல்லிவிட்டு வாளி எடுக்கப் போனாள்.

அதற்கு முந்தின நாள் அவர் கடலுக்குப் போயிருந்தார். போனது தப்பில்லை. அப்பா கைகால் விழுந்து கட்டிலில் கிடந்தார்; பட்டறையில் நாள் முழுக்க ஆவி, வீட்டில் இரவு முழுக்க முனகல். ஒருநாள் ஏதோ விடுதியின் மேசைவிரிப்பில் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே மரமாய் நின்றுவிட்டார். புகை கிளம்பிய பிறகுதான் உயிர் வந்தது. முதலாளி திட்டவில்லை. "ஒரு நாள் எங்கயாச்சும் வெளியூர் போய் காத்து வாங்கிட்டு வாப்பா, இல்லன்னா பட்டறையையே தீய்ச்சிடுவே" என்று திங்கட்கிழமை லீவு கொடுத்தார். அதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனைவி போய்வாருங்கள் என்றுதான் சொல்வாள். அதனால்தான் வாய் வரவில்லை. மாமனார் விழுந்ததிலிருந்து அவள் தெருமுனை தாண்டியதில்லை. கல்யாணமான புதிதில் கடல் பார்க்கணும் என்று கேட்டவள், அப்புறம் போகலாம் என்ற பதிலோடு நரைத்துப்போனாள். தினமும் மதியம் ஓடிவந்து அப்பாவைப் புரட்டிப்போட அவர் ஒரு கை கொடுப்பது வழக்கம். இன்றைக்கு வேலை தலைக்கு மேல், வர முடியாது என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிக்கொடுத்த சோற்றோடு பஸ் ஏறினார்.

பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். ஒரு அலை வந்து அவரை உட்காரவைத்தது. தனியாக, வாய்விட்டுச் சிரித்தார். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவரைக் கூசவைத்தது அந்தப் பொய்கூட இல்லை, அந்தச் சிரிப்புதான்.

மாட்டிக்கொண்டது கைப்பழக்கத்தால். திரும்புகாலில், ஆள் இல்லாத பட்டறைக்குள் போய் உப்பும் மணலும் போகத் துணியை அலசி, காய்வதற்காகப் பெட்டியை ஓட்டினார். காய்ந்ததோடு விட்டிருக்கலாம், பெட்டியைப் பிடித்த கை மடிப்பு வைக்காமல் நிற்காது. இஸ்திரி போடுகிறவன் வேலையிலிருந்து பிழிந்த துணி மாதிரிதான் வீடு திரும்புவான். இவரோ மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார். மனைவி காலரிலிருந்து பேன்ட் விளிம்புவரை ஒருமுறை பார்த்தாள். அவள் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மதியம் ஒற்றை ஆளாய் மாமனாரைத் தூக்கும்போது பிசகியதாம். வேலை ஜாஸ்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றார். விடிந்ததும் கால் நனைய ஆரம்பித்தது.

வைத்தியர் களிம்பு கொடுத்தார், களிம்பு மிதந்தது. இவர் துண்டு சுற்றிப் பார்த்தார். போட்ட பேன்ட்டின் மேலேயே பெட்டியை வைத்தும் பார்த்தார், மீன் வாடையோடு ஆவி வந்ததுதான் மிச்சம். பட்டறையில் அவர் நிற்கிற இடத்தில் ஒரு வடிகால் வெட்டினார்கள். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சாதித்தார். குழாயே இல்லாத அறையில் அவள் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். அப்பாவின் தொங்கிய கை அலையில் ஆடியது. கிழவர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. இப்படியே மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது.

ஒரு சாயங்காலம் தண்ணீரை வழித்துக்கொண்டே, தலை நிமிராமல் அவள் கேட்டாள்:

"அலை பெருசா இருந்துச்சா?"

அவருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "இருந்துச்சு."

"சொல்லிட்டுப் போயிருந்தா பேன்ட்டை நானே மடிச்சு விட்டிருப்பேனே."

அடுத்த திங்கட்கிழமை அவர் லீவு கேட்டு வாங்கி, சோறு கட்டி அவள் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். குழைந்த சோறு. மதியம் அப்பாவை ஒற்றை ஆளாய்ப் புரட்டினார். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை இடுப்பில் ஏதோ சொடுக்கியது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும்போது, இதை அவள் எத்தனை காலமாகச் செய்கிறாள் என்று கணக்குப் போடப் பார்த்து, பயந்து விட்டுவிட்டார்.

பொழுது சாயும்போது அவள் வந்தாள். துணியெல்லாம் கசங்கல், தலையில் மணல், முகம் வெயிலில் கறுத்திருந்தது. இடுப்புவரை இறங்கினேன், ஒரு அலை தள்ளிவிட்டது, பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று மாமனாரிடம் சத்தமாகச் சொன்னாள். கணவர் அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலேயே காய்ந்துவிட்டிருந்தது.

அவர் கால் இன்றுவரை காயவில்லை. அந்த வீட்டில் செருப்பை ஆணியில்தான் மாட்டுகிறார்கள். வேலை முடிந்த பிறகு அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் வைத்துக்கொள்கிறாள்.